கன்டெய்னர் எண்களும் பைத்தானின் வேகமும்

1856-ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் ரயில் வண்டி புறப்பட்ட ராயபுரத்திலிருந்து வடக்கே திரும்பி, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தையும் திருவொற்றியூர்க் கடற்கரையையும் கடந்து, எண்ணூர் முகத்துவாரத்தை நோக்கிச் செல்கின்ற சாலையில் எந்த வேளையில் நின்று பார்த்தாலும், கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் வண்டிகள் கண்ணில் படாமற் போவதில்லை. சென்னைத் துறைமுகத்தில் 1983-ல் கன்டெய்னர்களுக்கென்றே ஒரு தளம் ஏற்பட்டது. 2001-ல் நிலக்கரி இறக்குவதற்காக எண்ணூரில் திறக்கப்பட்டு, இப்போது காமராசர் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகமும், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் பின்னர் அந்த வியாபாரத்தில் பங்கு கொண்டன. இத்தனை பெட்டிகளில் எது எங்கே இருக்கிறது, எது வெளியே போயிற்று, எது இன்னும் யார்டில் கிடக்கிறது என்பதை அறிவதற்கு, பெட்டியின் கதவிலும் பக்கங்களிலும் எழுதப்பட்டுள்ள ஓர் எண்ணைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. அவ்வெண்களை லட்சக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒருவர் முதன்முதலாக எழுதுகின்ற கணினி நிரல் ஏன் மெதுவாக ஓடுகிறது, அதை எவ்விதம் விரைந்து ஓடச் செய்வது என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் விஷயம். எனினும், எண்ணின் அமைப்பை முதலில் சற்று அறிந்துகொள்வது நலம்.

எண்ணின் முதல் மூன்று எழுத்துகள் பெட்டியின் உடைமையாளரைக் குறிப்பவை. பாரிஸ் நகரில் 1933-ல் தோன்றிய சர்வதேசக் கன்டெய்னர் அலுவலகம் அவற்றைப் பதிவு செய்து அளிக்கிறது. நான்காவது எழுத்து, சாதாரணச் சரக்குப் பெட்டியானால், எப்போதும் ஆங்கில 'யூ'. அடுத்து ஆறு இலக்கங்கள் வரும். அவற்றுக்கு அப்பால், பெரும்பாலும் ஒரு சிறு கட்டத்துக்குள் தனியே அடைபட்டு நிற்கிறது ஏழாவது இலக்கம். இந்தக் கடைசி இலக்கம் பெட்டியைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்வதில்லை. முன்னுள்ள பத்துக் குறிகளிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவதாகையால், அவற்றில் ஒன்றை எவரேனும் தவறாக எழுதினாலோ படித்தாலோ அதைக் காட்டிக் கொடுப்பதே அதன் உத்தியோகம்.

கணக்கு மிகவும் எளியது. ஆங்கில 'ஏ' எழுத்துக்கு 10 என்று தொடங்கி, 11-ன் மடங்குகளான 11, 22, 33 ஆகியவற்றை மட்டும் தாண்டிக்கொண்டு, 'இஸட்' எழுத்துக்கு 38 என்று முடியும்படி எழுத்துகளுக்கு மதிப்புகள் ஏற்படுத்தியிருக்கிறார்கள். பத்துக் குறிகளின் மதிப்புகளையும் முறையே 1, 2, 4, 8 என்று இரட்டித்துச் சென்று 512 வரை உள்ள எண்களால் பெருக்கிக் கூட்டி, கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்து எஞ்சுவதே கட்டத்துக்குள் நிற்கும் இலக்கம். வழக்கமாக உதாரணம் காட்டப்படும் 'சி எஸ் க்யூ யூ 305438' என்ற எண்ணை எடுத்துக்கொண்டால், எழுத்துகள் நான்கும் 441 தருகின்றன, இலக்கங்கள் ஆறும் 5744 தருகின்றன, ஆக 6185. இதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. எனவே பெட்டியில் 3 என்று எழுதியிருந்தால் எண் சரி. வேறு எதுவாயிருந்தாலும் எங்கோ பிழை. மீதி 10 வருமானால் அதை 0 என்று கொள்ளவேண்டியிருப்பதால் அங்கு மட்டும் இக்காவல் சற்றுத் தளர்கிறது என்பதும், அதனாலேயே அத்தகைய வரிசை எண்களைத் தவிர்க்கும்படி ஆலோசனை கூறப்படுகிறது என்பதும் ரசமான செய்திகள்.

இனி, திருவொற்றியூரிலோ மணலியிலோ உள்ள ஒரு யார்டு அலுவலகத்தில் அண்மையில் வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞரை மனத்தில் கற்பித்துக்கொள்வோம். அவர் முன்னே இரண்டு எக்ஸெல் கோப்புகள் இருக்கின்றன. ஒன்றில் கப்பலிலிருந்து இறங்கி யார்டுக்குள் வந்த பெட்டிகளின் எண்கள் ஒரு லட்சம். மற்றொன்றில் கேட்டைத் தாண்டி வெளியே போன பெட்டிகளின் எண்கள் ஏறக்குறைய ஒரு லட்சம். முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாதவை எவை என்று கண்டு, கூடவே ஒவ்வோர் எண்ணின் கடைசி இலக்கமும் கணக்குக்கு ஒத்து வருகிறதா என்றும் பார்த்து, தினந்தோறும் காலையில் மேற்பார்வையாளர் கையில் ஓர் அறிக்கையைக் கொடுக்கவேண்டும். இளைஞர் சில வாரங்களில் பைத்தான் மொழியைத் தாமே கற்றுக்கொண்டு, அறுபது எழுபது வரிகளில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டுகிறார். விடை சரியாகவே வருகிறது. ஆனால் வருவதற்கு ஏழெட்டு நிமிஷம் ஆகிறது. "இன்னாப்பா, இன்னுமா ஓடிக்கினு இருக்கு?" என்று மேற்பார்வையாளர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

பைத்தான் போன்ற ஸ்கிரிப்ட் மொழிகள் வேகத்தை உத்தேசித்துப் பிறந்தவை அல்ல. ஆம்ஸ்டர்டாமில் உள்ள கணித ஆராய்ச்சி நிலையமொன்றில் கைடோ வான் ரோஸம் என்பவர் 1989 டிசம்பரில் பைத்தானை எழுதத் தொடங்கி 1991-ல் வெளியிட்டபோது, எழுதுபவரின் நேரத்தை மிச்சப்படுத்துவதே அவர் கருத்தாயிருந்தது. யந்திரத்தின் நேரம் இரண்டாம் பட்சமே. சி போன்ற மொழியில் எழுதிய நிரல் ஓடுவதற்கு முன்பே யந்திரத்தின் சொந்த ஆணைகளாக முழுவதும் மாற்றப்பட்டு விடுகிறது. பைத்தானிலோ, நிரல் முதலில் பைட்கோடு என்னும் இடைநிலை ஆணைகளாக மாற்றப்பட்டு, ஓடுகின்ற காலத்தில் இன்டர்பிரெட்டர் என்ற மற்றொரு நிரல் அவ்வாணைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பொருள் உணர்ந்து, நிறைவேற்றிக்கொண்டே போகிறது.

இரண்டு எண்களைக் கூட்டும் அற்பக் காரியத்தை அருகில் சென்று பார்த்தால் இதன் விளைவு பிரத்தியட்சமாகும். சி மொழியில் இரண்டு முழு எண்களின் கூட்டல் பெரும்பாலும் யந்திரத்தின் ஒரே ஆணையில் முடிந்துவிடும். பைத்தானில் இடப்பக்கத்து எண்ணை எடுத்து வைக்க ஓர் ஆணை, வலப்பக்கத்து எண்ணை எடுத்து வைக்க ஓர் ஆணை, கூட்டுவதற்கு ஓர் ஆணை, விடையைப் பெயரோடு பொருத்த ஓர் ஆணை என்று பொதுவாக நான்கு பைட்கோடு ஆணைகள் வேண்டும். கூட்டும் ஆணை வந்தவுடனும் கூட்டல் நடந்துவிடுவதில்லை. இடப்பக்கம் இருப்பது எண்ணா, எழுத்துக்கோவையா, பட்டியலா? வலப்பக்கம் இருப்பது என்ன? இவ்விரண்டையும் கூட்டும் முறை எது? இவற்றையெல்லாம் விசாரித்து முடித்த பின்னரே கூட்டல் நடைபெறும். நடந்த பிறகு விடைக்கென்று ஞாபகத்தில் புதியதோர் இடம் ஒதுக்கவேண்டும். பழைய எண்களை இன்னும் யாரேனும் பயன்படுத்துகிறார்களா என்ற கணக்கையும் திருத்தவேண்டும். யந்திரத்துக்கு நான்கு அல்லது எட்டு பைட்டுகளில் அடங்கிவிடும் ஒரு சிறு முழு எண், இன்று நாம் பயன்படுத்தும் பைத்தானில் 28 பைட்டுகளைப் பிடித்துக்கொள்கிறது என்றால், அதனோடு எத்தனை பரிவாரம் சேர்ந்து வருகிறது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். எண்களை வைத்து ஓயாமல் சுழலும் லூப் ஒன்று சி மொழியைக் காட்டிலும் பைத்தானில் பத்து முதல் நூறு மடங்கு வரை மெதுவாக ஓடுவதன் காரணம் இதுதான்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட இளைஞர், இயல்பாகவே, ஆணைகளின் எண்ணிக்கையைக் குறைக்க முற்படுவார். அவருடைய ஸ்கிரிப்டில் பார்வைக்கு மிகவும் சிக்கலாக இருக்கும் பகுதி கடைசி இலக்கத்தைச் சரிபார்க்கும் கணக்குதான்; அதில் பெருக்கல் இருக்கிறது, இரண்டின் அடுக்குகள் இருக்கின்றன, வகுத்தல் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டின் அடுக்கைக் கணக்கிடுவானேன், 1 முதல் 512 வரையுள்ள பத்து எண்களையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாமே என்று அவர் மாற்றுவார். எழுத்துகளின் மதிப்பைக் கணக்கிடுவதற்குப் பதிலாக ஓர் அட்டவணையிலிருந்து எடுப்பார். யுக்தி நல்லதுதான். ஆனால் மறுபடி ஓட்டிப் பார்த்தால் அதே ஏழெட்டு நிமிஷம்!

ஆரம்பத்தில் எவருக்கும் நேர்கின்ற இந்த ஏமாற்றத்துக்குக் காரணம், நிரலில் நேரம் எங்கே செலவாகிறது என்று கண்ணால் பார்த்து அனுமானிக்க முயல்வதேயாகும். அமெரிக்கக் கணினி விஞ்ஞானி டொனால்ட் நூத், 1971-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், அக்காலத்தில் வழங்கிய ஃபோர்ட்ரான் மொழி நிரல்கள் பலவற்றை அளந்து பார்த்து, நிரலின் 4 சதவீதத்துக்கும் குறைந்த பகுதியே பொதுவாக ஓட்ட நேரத்தின் பாதிக்கு மேல் விழுங்குகிறது என்று கண்டார். அந்த 4 சதவீதம் எது என்பதை எழுதியவரே பெரும்பாலும் தவறாகக் கணிக்கிறார் என்பது இத்தொழிலில் பழகிய எவரும் ஒப்புக்கொள்ளும் உண்மை.

எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் ஓட்டுபவர்களுக்கு இதை விளக்கவேண்டிய அவசியமே இராது. துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு முன்னால் வண்டிகள் மணிக்கணக்காகவும், நெரிசல் முற்றிய காலங்களில் நாள்கணக்காகவும் காத்துக் கிடந்த செய்திகள் பத்திரிகைகளில் பலமுறை வந்திருக்கின்றன. மணலியிலிருந்து புறப்பட்ட வண்டி ஒரு மணி நேரம் ஓடி, கேட்டில் இருபது மணி நேரம் நிற்குமானால், எஞ்சினின் குதிரைச் சக்தியை இரட்டித்து ஓடும் நேரத்தைப் பாதியாக்கினாலும் இருபத்தொரு மணி இருபதரையாகுமேயன்றி வேறு பயன் இல்லை. ஐ.பி.எம். கம்பெனியில் பெரிய கணினிகளை வடிவமைத்த ஜீன் அம்டால் 1967-ல் சொன்ன விதியும் இதுவே: ஒரு பகுதியை எவ்வளவுதான் துரிதப்படுத்தினாலும், மொத்த நேரத்தில் அப்பகுதி வகித்த பங்குக்கு மேல் லாபம் கிடைக்காது.

ஆகவே அளக்கவேண்டும். அளப்பதற்கான கருவி பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. தனியாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. சி-ப்ரொஃபைல் என்ற அந்தக் கருவியின் கீழ் ஸ்கிரிப்டை ஓட்டினால், எந்த ஃபங்ஷன் எத்தனை முறை அழைக்கப்பட்டது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் கழிந்தது என்று ஒரு பட்டியல் கிடைக்கும். ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. அக்கருவி வரிகளை அளப்பதில்லை, ஃபங்ஷன்களையே அளக்கிறது. ஆரம்ப மாணவர்களோ நிரல் முழுவதையும் ஃபங்ஷன்களாகப் பிரிக்காமல் தலை முதல் கால் வரை ஒரே ஓட்டமாக எழுதிவிடுகிறார்கள். கோப்பைப் படிப்பது ஒன்று, எண்ணைச் சரிபார்ப்பது ஒன்று, ஒப்பிடுவது ஒன்று, அறிக்கை எழுதுவது ஒன்று என்று பிரித்துக்கொண்டாலன்றி அளவை பயன் தராது. நிரலை ஒழுங்காகப் பிரித்து எழுதவேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதை வெறும் சம்பிரதாயம் என்று எண்ணியிருப்பவர்களுக்கு, அதன் லௌகீகப் பிரயோஜனம் இங்கேதான் முதன்முதலாகத் தட்டுப்படுகிறது. கருவியே சற்று நேரத்தை எடுத்துக்கொள்ளுமாதலால் அது காட்டும் விநாடிகளை அப்படியே நம்பாமல், எது பெரிது எது சிறிது என்ற விகிதத்தை மட்டும் நம்புவது விவேகம்.

நம் இளைஞர் இவ்வாறு அளந்தால் என்ன காண்பார்? ஒரு லட்சம் பெட்டிகளுக்கும் கடைசி இலக்கத்தைக் கணக்கிட ஆன நேரம், சாதாரண மடிக்கணினியில், கால் விநாடிக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். கோப்புகளைப் படிக்கச் சில விநாடிகள். மீதி ஏழு நிமிஷமும், வந்த எண் வெளியே போன பட்டியலில் இருக்கிறதா என்று தேடுகின்ற, பார்வைக்கு மிகச் சாதுவான நான்கே வரிகளில் போயிருக்கும்.

அந்த நான்கு வரிகளில் நடப்பது இது. முதற் பட்டியலில் ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, இரண்டாம் பட்டியலின் தலைப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே அடிவரை செல்கிறார். அடுத்த எண்ணுக்கு மறுபடியும் தலைப்பிலிருந்து. லட்சம் எண்களுக்கு லட்சம் முறை. ஒவ்வொரு முறையும் லட்சம் ஒப்பீடு. ஆக 1000 கோடி ஒப்பீடுகள். ஒரு விநாடிக்கு இரண்டு மூன்று கோடி ஒப்பீடுகளைச் செய்யக்கூடிய பைத்தான் லூப்புக்கு, இந்தக் கணக்கின்படி, ஏழெட்டு நிமிஷம் ஆவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இதைவிடக் கவலைக்குரியது, வியாபாரம் பெருகிப் பட்டியல்கள் இரண்டும் இரண்டு லட்சமாகும்போது ஒப்பீடுகள் 4000 கோடியாகி, நேரம் நான்கு மடங்காவதுதான்.

எண் கிடைத்தவுடன் தேடுவதை நிறுத்திவிட வேண்டும் என்ற சிறு திருத்தத்தைச் செய்தால் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். லூப்பைத் தாமே எழுதாமல், 'இந்தப் பட்டியலில் இது இருக்கிறதா' என்று பைத்தானையே கேட்கும் 'இன்' என்ற சொல்லைப் பிரயோகித்தால், அந்தச் சுழற்சி இன்டர்பிரெட்டரின் உள்ளே, சி மொழியில் எழுதப்பட்ட பகுதியில் நடைபெறுமாதலால், மேலும் கணிசமாகக் குறையும். இவை இரண்டும் நல்ல திருத்தங்களே. எனினும் இரண்டும் ஒப்பீடுகளைத் துரிதப்படுத்துகின்றனவே அல்லாமல், இத்தனை கோடி ஒப்பீடுகள் எதற்கு என்று கேட்பதில்லை.

அக்கேள்வியைக் கேட்டு விடை கண்டவர்களுள் முதன்மையான ஒருவரை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹான்ஸ் பீட்டர் லூன், நெசவுத் தொழிலில் பழகி, துணியின் இழைகளை எண்ணுவதற்கு ஒரு கருவியைக் கண்டுபிடித்து, பின்னர் ஐ.பி.எம். கம்பெனியில் சேர்ந்தவர். 1953 ஜனவரியில் அவர் தம் கம்பெனிக்குள் எழுதிய குறிப்பொன்றில், ஒரு தகவலைத் தேடிக்கொண்டு பட்டியல் முழுவதும் அலைவதற்குப் பதிலாக, அத்தகவலின் எழுத்துகளையும் இலக்கங்களையும் கொண்டே ஒரு கணக்குப் போட்டு, அக்கணக்கின் விடை காட்டும் இடத்தில் நேரே சென்று பார்க்கும் முறையை விவரித்தார். ஹாஷிங் என்று இன்று வழங்கும் முறையின் தொடக்கம் அதுவே. அதற்கு மறு ஆண்டு, 1954 ஜனவரியில், எண்களின் கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கத்தைச் சேர்த்துப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் உபாயத்துக்கும் அவர் காப்புரிமை கோரினார். கிரெடிட் கார்டு எண்களின் இறுதி இலக்கம் இன்றும் அவருடைய விதிப்படியே அமைகிறது. கன்டெய்னர்களின் இலக்கம் வேறு விதியைச் சேர்ந்தது. ஆனாலும் இரண்டும் ஒரே குடும்பம். நம் இளைஞரின் ஸ்கிரிப்டில் உள்ள இரண்டு காரியங்களுக்கும், எண்ணைச் சரிபார்ப்பதற்கும் எண்ணைத் தேடுவதற்கும், ஒரே மனிதரின் கை பட்டிருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கையில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டாகத்தான் செய்கிறது.

பைத்தானில் இம்முறையைப் பயன்படுத்த இரண்டு அமைப்புகள் உள்ளன: செட் ஒன்று, டிக்‌ஷனரி ஒன்று. வெளியே போன எண்களைப் பட்டியலாக வைத்துக்கொள்ளாமல் செட்டாக மாற்றினால், பைத்தான் ஒவ்வோர் எண்ணின் எழுத்துகளையும் கலக்கிப் பிசைந்து ஒரு பெரிய முழு எண்ணை உண்டாக்கி, அதன் கடைசிச் சில பிட்டுகளைக் கொண்டு ஓர் அட்டவணையில் எந்த அறையில் அதை வைப்பது என்று தீர்மானிக்கிறது. பிறகு ஓர் எண் உள்ளதா என்று கேட்டால், அதே கணக்கை அந்த எண்ணுக்கும் போட்டு, குறிப்பிட்ட அறையை மட்டும் திறந்து பார்க்கிறது. இரண்டு எண்கள் ஒரே அறைக்கு உரியனவாக நேர்ந்துவிட்டால் அடுத்து எங்கே பார்ப்பது என்பதற்கும் விதி உண்டு. அவ்வாறு அடிக்கடி நேராதிருக்கும்பொருட்டு அட்டவணையில் கணிசமான இடம் எப்போதும் காலியாகவே விடப்பட்டிருக்கும். ஒரு லட்சம் எண்களுக்கு இந்த அட்டவணை ஏறக்குறைய 4 மெகாபைட் இடத்தைக் கொள்ளும். எண்கள் பிடிக்கும் இடம் தனி. இக்காலக் கணினிகளின் ஞாபகசக்திக்கு அது ஒரு பொருட்டல்ல.

இதன் பயன் என்னவென்றால், 1000 கோடி ஒப்பீடுகள் இருந்த இடத்தில் ஒரு லட்சம் விசாரணைகளே எஞ்சுகின்றன. செட்டைக் கட்டும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டாலும், ஏழு நிமிஷம் ஒரு விநாடியின் சிறு பின்னமாகச் சுருங்கிவிடுகிறது. பட்டியல் இரட்டித்தால் நேரமும் இரட்டிக்குமேயன்றி நான்கு மடங்காகாது. மாற்றியது ஒரே ஒரு வரி. மொழி அதே பைத்தான், கணினி அதே மடிக்கணினி.

ஹாஷ் முறைக்கும் துஷ்டர்களால் ஆபத்து உண்டு என்பதை ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எந்தெந்தச் சொற்கள் ஒரே அறைக்குப் போகும் என்பதை முன்கூட்டிக் கணித்து, அத்தகைய சொற்களையே ஆயிரக்கணக்கில் ஒரு வலைத்தளத்துக்கு அனுப்பினால், அட்டவணை மீண்டும் பழைய பட்டியலைப் போல மந்தமாகி, கணினி திணறிப்போகும். 2011-ன் இறுதியில் இவ்வபாயம் பகிரங்கமாக எடுத்துக்காட்டப்பட்டதன் விளைவாக, 2012-ல் வெளிவந்த பைத்தான் 3.3 முதல், ஒவ்வொரு முறை ஓடத் தொடங்கும்போதும் தற்செயலான ஓர் எண்ணைக் கணக்கில் கலந்துகொள்ளும் ஏற்பாடு வழக்கத்துக்கு வந்தது.

யார்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அத்தகைய எதிரிகள் இல்லை. அவருக்கு வரும் தொல்லைகள் வேறு வகையானவை. செட்டானது எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தாலன்றி ஒப்புக்கொள்ளாது. ஒரு குமாஸ்தா எழுத்துகளுக்கும் இலக்கங்களுக்கும் இடையே இடைவெளி விட்டிருப்பார். மற்றொருவர் கடைசி இலக்கத்துக்கு முன் ஒரு கோடு போட்டிருப்பார். மூன்றாமவர் சிறிய எழுத்துகளில் அடித்திருப்பார். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவை மூன்றும் கணினிக்கு மூன்று வெவ்வேறு பெட்டிகள். ஆதலால் செட்டில் போடுவதற்கு முன்பே எல்லா எண்களையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து, கடைசி இலக்கத்தையும் சரிபார்த்துவிட வேண்டும். தவிரவும், ஒரே கன்டெய்னர் ஆண்டுக்குள் பலமுறை வந்து போகக்கூடியது. செட்டோ ஒரு முறை கண்டதையும் பத்து முறை கண்டதையும் வேறுபடுத்தி அறியாது. எண்ணோடு அது கடைசியாக வெளியே போன தேதியையும் டிக்‌ஷனரியில் சேர்த்து வைத்து, உள்ளே வந்த தேதியோடு ஒப்பிட்டால்தான் விடை நம்பத்தக்கதாகும். இதைக் கவனியாமல் வேகத்தை மட்டும் பெற்றவர், தவறான அறிக்கையை முன்னைவிடச் சீக்கிரமாகக் கொடுப்பார்; அவ்வளவே.

ஆரம்ப நிலையில் எழுதுபவர்களின் ஸ்கிரிப்டுகளில் இதே ஜாதியைச் சேர்ந்த வேறு தாமதங்களும் காணப்படும். லூப்பின் உள்ளே கோப்பைத் திறப்பது அவற்றுள் தலையாயது: லட்சம் எண்களுக்கும் லட்சம் முறை அதே கோப்பை ஆதியோடந்தமாகப் படித்துக்கொண்டிருப்பார்கள். அறிக்கையை ஒரு நீண்ட எழுத்துக்கோவையாக, ஒவ்வொரு வரியையும் பழையதன் வாலில் ஒட்டி ஒட்டி வளர்ப்பது மற்றொன்று. ஒவ்வொரு ஒட்டலிலும் பழையது முழுவதும் புதிய இடத்துக்குப் பிரதி எடுக்கப்பட நேரிடலாம். வரிகளைப் பட்டியலில் சேர்த்துவைத்து, முடிவில் 'ஜாயின்' என்ற ஒரே ஆணையால் இணைப்பது இதற்குப் பரிகாரம்.

கணக்கே பிரதானமாக உள்ள வேலைகளில், அதாவது ஒப்பிடுவதையும் தேடுவதையும் சீர்ப்படுத்திய பிறகும் கோடிக்கணக்கான பெருக்கல்கள் உண்மையாகவே தேவைப்படும் இடங்களில், நம்பை என்ற நூலகம் கைகொடுக்கிறது. டிராவிஸ் ஆலிஃபண்ட் என்ற அமெரிக்கர் முன்னிருந்த இரண்டு முயற்சிகளை ஒன்றாக்கி உருவாக்கிய அதன் முதற் பதிப்பு 2006-ல் வெளிவந்தது. அது எண்களைப் பரிவாரங்களின்றி, ஒரே வகையாக, அடுத்தடுத்து நெருக்கி வைத்துக்கொள்கிறது; வகை என்ன என்ற விசாரணை ஒவ்வோர் எண்ணுக்கும் நடவாமல் கூட்டத்துக்கே ஒரு முறை நடந்து முடிகிறது; பிறகு சுழற்சி முழுவதும் சி மொழியின் வேகத்தில் செல்கிறது. லட்சம் கிடைவரிசைகளும் பத்து நெடுவரிசைகளும் கொண்ட கட்டமாகக் கன்டெய்னர்களின் மதிப்புகளை அடுக்கி, 1 முதல் 512 வரையுள்ள பத்து எண்களால் ஒரே வீச்சில் பெருக்கிவிடலாம். செய்து பார்ப்பது நல்ல பயிற்சி. ஆனால் கால் விநாடி எடுத்த கணக்குக்கு அது அவசியமா என்று கேட்டால், அவசியமில்லை என்பதே என் அபிப்பிராயம்.

மொழியை உருவாக்குகிறவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. 2022 அக்டோபரில் வந்த பைத்தான் 3.11, முந்தைய பதிப்பைவிடச் சராசரியாக 25 சதவீதம் விரைவாக ஓடுவதாக அளக்கப்பட்டது. மார்க் ஷானன் முதலியோர் செய்த யுக்தி நாம் முன்பு பார்த்த கூட்டலைப் பற்றியதே: ஓர் இடத்தில் இரண்டு பக்கமும் முழு எண்களே திரும்பத் திரும்ப வருகின்றன என்று கண்டால், இன்டர்பிரெட்டர் அவ்விடத்துப் பொது ஆணையை எடுத்துவிட்டு, முழு எண்களுக்கென்றே உரிய விரைவான ஆணையை வைத்துவிடுகிறது, வேறு வகை வந்துவிட்டால் பழைய வழிக்குத் திரும்பிவிடுகிறது. இந்த லாபம் பயனர் எதையும் மாற்றாமலே கிடைக்கிறது. ஆயினும் 1000 கோடி ஒப்பீடுகள் கொண்ட லூப்புக்கு 25 சதவீதம் கிடைத்தால் ஏழரை நிமிஷம் ஆறு நிமிஷமாகும். செட்டின் அருகே அது நிற்காது.

வேகமே எல்லாம் என்று கொள்வதற்கும் இல்லை. முத்து அண்ணாமலை என்ற பொறியாளர் உருவாக்கிய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியில் 'பதிப்பி', 'ஆனால்', 'முடி' என்று தமிழ்ச் சொற்களையே ஆணைகளாக எழுதலாம். அதைப் படித்து நிறைவேற்றும் இன்டர்பிரெட்டர் பைத்தானில் எழுதப்பட்டது. ஆகவே எழில் நிரல் ஓடும்போது ஒரு மொழிபெயர்ப்பாளர்மீது மற்றொரு மொழிபெயர்ப்பாளர் அமர்ந்திருக்கிறார். அது மெதுவாக ஓடுகிறது என்று குறை கூறுபவர், தமிழ்வழியில் படிக்கும் ஒரு சிறுமி முதன்முதலாக லூப் என்றால் என்ன என்று அதில் புரிந்துகொள்வதை மறந்துவிடுகிறார்.

திருவொற்றியூர் அலுவலகத்தில், ஏழு நிமிஷம் மறைந்த பிறகு ஒருமுறை மீண்டும் அளந்து பார்த்தால், பட்டியலின் உச்சியில் இப்போது எக்ஸெல் கோப்பைப் படிக்கும் ஃபங்ஷன் ஏறியிருக்கும். எக்ஸெல் கோப்பு என்பது உண்மையில் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் பொதி. அதைப் பிரித்து, உள்ளேயுள்ள எக்ஸ்.எம்.எல். உரையில் ஒவ்வொரு கட்டத்தையும் தேடி எடுப்பதற்குச் சில விநாடிகள் பிடிக்கின்றன. அதே தகவலை சி.எஸ்.வி. என்னும் காற்புள்ளியிட்ட சாதாரண உரைக் கோப்பாக வாங்கிக்கொண்டால் அதுவும் பெரும்பாலும் மறைந்துவிடும். அதற்குப் பின் அளவைப் பட்டியலில் தனித்துத் தெரியும்படியாக எதுவும் இராது. எல்லாம் சிறு சிறு பின்னங்களே. கேட்டில் பதிவான எண்கள் அலுவலகக் கணினிக்கு வந்து சேர்வதற்குக் காலையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்பது பைத்தானின் கையில் இல்லை. அதற்கு மேற்பார்வையாளரைத்தான் கேட்கவேண்டும்.